பிரித்தானியச் சாலை சைக்கிள் பந்தயங்கள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளின் பொதுச் சாலைகளில் நடைபெறும் சைக்கிள் போட்டிகள் இப்பெயரால் வழங்குகின்றன. பிரான்ஸில் பாரிஸ்–ரூபே 1896இலும் டூர் டி பிரான்ஸ் 1903இலும் தொடங்கிவிட்டன. சைக்கிள் தொழிலில் அன்று உலகின் முன்வரிசையில் இருந்த பிரிட்டனில் அவற்றுக்கு இணையான பந்தயம் ஒன்று உருவாக மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓடக் கூடாது என்று நாட்டின் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தடுத்தது சைக்கிள் விளையாட்டை நிர்வகித்த தேசிய சைக்கிளோட்டிகள் ஒன்றியமே.

1878இல் தோன்றிய இந்த ஒன்றியம் ஓர் அச்சத்திலேயே வளர்ந்தது. குதிரை வண்டிகள் ஓடிய சாலையில் வேகமாக விரையும் சைக்கிள்களைக் காவல்துறையும் பொதுமக்களும் விரும்பவில்லை. பந்தயங்களால் எரிச்சல் முற்றினால் சைக்கிள் ஓட்டுவதற்கே தடை வந்துவிடும் என்று நிர்வாகிகள் கருதினர். 1894 ஜூலை 21 அன்று நார்த் ரோடு சங்கத்தின் 50 மைல் பந்தயத்தில், ஒரு பெண்மணி ஓட்டிவந்த வண்டியின் குதிரை மிரண்டு, எஃப். டி. பிட்லேக் உட்பட மூன்று வீரர்கள் விழுந்தனர். ஒன்றியத்தின் பிடி அதன்பின் இன்னும் இறுகியது. பந்தயங்களை ஓடுதளத்துக்குள் கொண்டுபோகும்படி அது தன் சங்கங்களுக்கு உத்தரவிட்டது.

அன்று விழுந்த பிட்லேக்கே மாற்றுவழியையும் கண்டுபிடித்தார். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரு நிமிட இடைவெளியில் தனித்தனியே கிளம்புவர். மிகக் குறைந்த நேரத்தில் தொலைவைக் கடந்தவருக்கு வெற்றி. 1895 அக்டோபரில் இம்முறையில் 50 மைல் போட்டி ஒன்று லண்டனின் வடக்கே நடந்தது. ‘டைம் ட்ரயல்’ என்ற இந்த வடிவம் பிரிட்டனின் தனி மரபாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் போட்டி, கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை, பாதையை ஊர்ப்பெயரால் சொல்லாமல் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டால் குறிப்பது, போட்டி விவரத்தாளில் ‘அந்தரங்கம்’ என்ற முத்திரை. சட்டவிரோதம் இல்லாத ஒன்றை இவ்வளவு மறைத்துச் செய்த விளையாட்டு வேறு இருக்குமா என்பது ஐயமே. பாதைக் குறியீடுகள் இன்றும் வழக்கில் உள்ளன.

இம்மரபின் பெருமை யார்க்‌ஷரைச் சேர்ந்த பெரில் பர்ட்டன். 1967இல் 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டினார். அதே நாளில் ஆண்களுக்கான சாதனையைப் படைத்துக்கொண்டிருந்த மைக் மெக்னமாராவைத் தாண்டிச் செல்கையில், அவருக்கு ஒரு மிட்டாயையும் நீட்டினார். ஆண்கள் அத்தொலைவை எட்ட இரண்டாண்டுகள் ஆயின.

கூட்டமாகக் கிளம்பி, எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் வெல்லும் பந்தயத்தைப் பிரிட்டனின் சாலைகளுக்கு மீட்டுவந்தவர் பெர்சி ஸ்டல்லார்ட் (1909–2001). வுல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த இவர் 1933 முதல் உலகப் போட்டிகளில் கலந்துகொண்டு, ஐரோப்பியர் எப்படிப் பந்தயம் ஓடுகிறார்கள் என்பதை நேரில் அறிந்தவர். உலகப்போரின்போது எரிபொருள் பங்கீட்டால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பந்தயம் நடத்த இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று ஒன்றியத்துக்கு எழுதினார். மறுப்பே பதிலாக வந்தது. வழியிலுள்ள காவல்துறைத் தலைவர்களிடம் நேரே பேசினார். அவர்கள் தடுக்கவில்லை. 1942 ஜூன் 7 அன்று வேல்ஸின் லங்காலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு 59 மைல் தொலைவைச் சுமார் 40 பேர் ஓடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிநின்ற முடிவிடத்தில் உள்ளூர்க்காரர் ஆல்பர்ட் பிரைஸ் வென்றார். காவலர்களே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினர். வசூல் படைவீரர் நல நிதிக்குப் போயிற்று. கலந்துகொண்டவர்களை ஒன்றியம் இடைநீக்கம் செய்தது.

விலக்கப்பட்டவர்கள் அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பந்தய சைக்கிளோட்டிகள் லீக்கைத் தொடங்கினர். ஏறத்தாழ 17 ஆண்டுகள் நீடித்த இப்பகை ஒரே ஊரின் சங்கங்களைக்கூடப் பிரித்தது. சர்வதேச அமைப்பின் அங்கீகாரம் ஒன்றியத்திடம் இருந்ததால், லீக் வீரர்களுக்கு வெளிநாட்டுக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஆயினும் புதிய பந்தயங்கள் லீக்கிடமிருந்தே பிறந்தன. போர் முடிந்த 1945இல் பிரைட்டனிலிருந்து கிளாஸ்கோ வரை பல கட்டப் பந்தயம் நடந்தது. பிரெஞ்சுக்காரர் ராபர்ட் பாட்டோ வென்றார். 1951இல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழ் ஆதரித்த ‘டூர் ஆஃப் பிரிட்டன்’ வந்தது. அதை வென்ற ஸ்காட்லாந்தின் இயன் ஸ்டீல், மறு ஆண்டில் வார்சா–பெர்லின்–பிராக் அமைதிப் பந்தயத்தையும் வென்றார். அதை வென்ற பிரித்தானியர் வேறு யாரும் இல்லை. 1959இல் லீக்கும் ஒன்றியமும் இணைந்து பிரிட்டிஷ் சைக்கிளிங் கூட்டமைப்பாயின. ஸ்டல்லார்டுக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை. துரோகம் என்றே கடைசிவரை கருதினார்.

1958 முதல் 1993 வரை பால் விற்பனை வாரியத்தின் ஆதரவில் நடந்த ‘மில்க் ரேஸ்’ நாட்டின் முதன்மைப் பந்தயமாக விளங்கியது. நீண்ட காலம் தொழில்முறையற்றோர்க்கே உரியதாக இருந்ததால், பின்னாளில் உலகப் பட்டம் வென்ற ஹென்னி கைபர் போன்றோர் இங்கே முதலில் தெரியவந்தனர். 1965இல் முன்னணியில் இருந்த ஸ்பெயின் வீரர் லூயிஸ் சாந்தமரினா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி விலக்கப்பட, வெற்றி லெஸ் வெஸ்டுக்குக் கிடைத்தது. 1994இல் வாரியமே கலைக்கப்பட்டது.

ஒருநாள் பந்தயங்களில் லண்டன்–ஹோலிஹெட் தொலைவுக்குப் பெயர் பெற்றது. 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அதை, உலகப் பட்டம் வென்ற 1965ஆம் ஆண்டிலேயே டாம் சிம்ப்சன் வென்றார். 1956இல் தொடங்கிய லிங்கன் கிராண்ட் பிரீ, கல் பாவிய மைக்கேல்கேட் ஏற்றத்தால் அறியப்படுகிறது. தேவாலயத்தை நோக்கிய அந்தச் செங்குத்தில் வீரர்கள் பலமுறை ஏறவேண்டும். 1989இல் உலகக் கோப்பை வரிசையில் இடம்பெற்ற வின்கான்டன் கிளாசிக், நியூகாசில், பிரைட்டன், லீட்ஸ் என்று ஊர்மாறி, 1997இல் ரோசெஸ்டரில் முடிந்துபோனது. ஓரிடத்தில் நிலைக்காத பந்தயத்துக்கு மரபு எங்கிருந்து வரும்? அதன் இடத்தை ஹாம்பர்க் பிடித்துக்கொண்டது.

‘டூர் ஆஃப் பிரிட்டன்’ 2004இல் மீண்டும் தொடங்கியது. 2013இல் பிராட்லி விக்கின்ஸ் வென்றார். பெண்களுக்கான தனிப் பந்தயம் 2014இல் வந்தது. முதல் வெற்றி மரியானே வோஸுக்கு. நடத்திவந்த நிறுவனம் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டபின், இரண்டையும் பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பே நேரடியாக நடத்துகிறது.