தருமபுரி மின்பாதைகளில் பழுது மின்னோட்டக் கணக்கு

மேட்டூர் அணையின் நீர்மின் நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கியபோது தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அது தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான். 1957-இல் உருவான மின்வாரியம் கிணற்று மோட்டார்களுக்காக ஊர் ஊராக இழுத்துச் சென்ற பீடர்கள், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்தப் பாதைகள், மரம் சாய்ந்தாலும் கம்பி உரசினாலும் பழுது மின்னோட்டம் துணைமின் நிலையத்தின் பக்கமிருந்து மட்டுமே வரும் என்ற அனுமானத்தின்மேல் அமைந்தவை. அக்காலத்தில் அந்த அனுமானம் பிழையன்று.

அந்தப் பாதைகளைக் காத்த மிகைமின்னோட்ட ரிலேயின் உள்ளே, காந்தங்களுக்கிடையே சுழலும் ஓர் அலுமினியத் தட்டு இருக்கும். நிர்ணயித்த அளவைப்போல் இருமடங்கு மின்னோட்டம் பாய்ந்தால் ஏறத்தாழ 10 விநாடியிலும், பத்து மடங்கு பாய்ந்தால் 3 விநாடியிலும் அது தன் சுற்றை முடித்துப் பிரேக்கரைத் திறக்கச் செய்யும். ரிலேயின் நேரத்தை அமைக்கும் காலப்பெருக்கியைக் குறைத்தால் இந்நேரமும் அதே விகிதத்தில் குறையும்.

மின்வெட்டுக் காலங்களில் ஆலைகளிலும் கடைகளிலும் பெருகிய டீசல் ஜெனரேட்டர்கள் மாற்றுச் சுவிட்சின் வழியே தனித்து ஓடியவையாதலால் இக்கணக்கைப் பாதிக்கவில்லை; அவற்றால் நேரக்கூடியது, சுவிட்சைத் தவறாகப் போடுவதால் மின்சாரம் பாதைக்குள் திரும்பிப் பாய்ந்து லைன்மேனுக்கு விளையும் ‘ரிட்டர்ன் சப்ளை’ ஆபத்தே. பாலக்கோடு, கோபாலபுரம் போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து ஓட்டப்படும் டர்பைன் வகை ஜெனரேட்டர் பீடரோடு இணைந்து ஓடும்போதுதான் சிக்கல் எழுகிறது.

எடுத்துக்காட்டாக, 11 கிலோவோல்ட்டில் இணைந்த 2,500 கேவிஏ ஜெனரேட்டரின் முழுச்சுமை மின்னோட்டம் 131 ஆம்பியர். அதன் முனையிலேயே மும்முனைப் பழுது ஏற்பட்டால், தொடக்க எதிர்வினைப்பு (ரியாக்டன்ஸ்) 15 விழுக்காடு எனக் கொள்ளும்போது, முதற்சுழற்சிகளில் 875 ஆம்பியர் அளவு பாயும். சுழலியின் காந்தப்புலத்தை வலுப்படுத்தும் ஏற்பாடு இல்லையெனில், எதிர்வினைப்பு 180 விழுக்காட்டை எட்டும்போது அது 73 ஆம்பியராக, முழுச்சுமையைவிடக் குறைவாகத் தேய்ந்துவிடும். ரிலே 200 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருந்தால் தட்டு சற்றே நகர்ந்து, சுற்றை முடிக்காமலே திரும்பிவிடும். ஒத்தியங்கும் இயந்திரத்தின் இந்த நடத்தையைக் கணிதமாக்கியது 1929-இல் ஆர். எச். பார்க் வெளியிட்ட கோட்பாடு. நிலத்தைத் தொடும் சமனற்ற பழுதுகளைக் கணிக்க வழிவகுத்தது ஃபோர்டெஸ்க்யூவின் 1918-ஆம் ஆண்டுக் கட்டுரை. இவ்வளவு காலமாகக் கையிலிருக்கும் கருவிகளை விடுத்து, ஜெனரேட்டரை மாறாத ஒற்றை எதிர்வினைப்பாகக் கொள்வது சோம்பல் கணக்கே. தொலைமுனைப் பழுதொன்றுக்கு ஜெனரேட்டரும் மின்னோட்டம் தருவதால், துணைமின் நிலைய ரிலே காணும் பங்கு குறைந்து, அது தாமதிக்கவும் கூடும்; இந்தப் பங்கு நேரத்தோடு மாறுவதை அத்தகைய கணக்கு மறைத்துவிடுகிறது.

2019-இல் அறிவிக்கப்பட்ட பிஎம்-குசும் திட்டம் துணைமின் நிலையங்களை ஒட்டி 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சூரிய நிலையங்களுக்கு வழிசெய்தபின், இயந்திரமே இல்லாத இன்வெர்ட்டர் இக்கணக்கில் நுழைந்தது. அது பழுதின்போது பெரும்பாலும் முழுச்சுமையைவிடப் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாக, ஏறத்தாழ 1.2 மடங்கு மட்டுமே தருமாதலால், பார்க்கின் சமன்பாடுகள் அதற்குப் பொருந்தா. அதை மின்னோட்ட வரம்புள்ள மூலமாகவே வரையறுக்க வேண்டும்.

ஆகவே பிரேக்கரின் தாங்குதிறனை முதற்சுழற்சி மின்னோட்டத்தாலும், ரிலேயின் அமைப்பைத் தேய்ந்தபின் எஞ்சும் மின்னோட்டத்தாலும் தனித்தனியே கணிக்க வேண்டும். இன்வெர்ட்டர் மிகுந்த பீடரிலோ, அந்த மூலத்தைப் பிரிக்கும் பொறுப்பை மின்னோட்ட ரிலேயிடம் விடாமல், மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் கண்காணிக்கும் ரிலேயிடம் ஒப்படைப்பதே தகும்.