பெயர் தென்னை, மரம் செம்பனை



கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரை நாம் அறிவோம். 2007-இல் அதன் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. அவ்வட்டாரத்தில் உள்ளது தென்னமரம் தோட்டம். பெயர்தான் தென்னை, வரலாற்றில் அது இடம் பிடித்தது செம்பனையால். மலாயாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனை நடவை பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே 1917-இல் அங்குதான் தொடங்கினார்.

பலகையைப் படித்தால் தென்னை, கண்ணால் பார்த்தால் செம்பனை. எதை நம்புவது? தோட்டத்துப் பிள்ளைக்கு இது கேள்வியே அல்ல. ஆனால் இன்று நம் கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக்கு இது பெரிய சோதனை.

2021-இல் ஓப்பன்ஏஐ நிறுவன ஆய்வாளர்கள் தங்கள் கிளிப் என்ற இயந்திரத்துக்கு ஓர் ஆப்பிள் பழத்தைக் காட்டினார்கள். சரியாகச் சொன்னது. பழத்தின்மேல் 'ஐபாட்' என்று எழுதிய தாளை ஒட்டியதும், அதை ஐபாட் என்றே சொல்லிவிட்டது. எழுத்து கண்ணை வென்றுவிட்டது!

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியா? இல்லை. நம் தோட்டங்களில் மருந்தடித்த தாய்மார்களைக் கேளுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது. அதைப் பழைய பானப் போத்தலில் ஊற்றி வைத்ததால், பானம் என்று குடித்து மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதில் நீல நிறமும் கெட்ட வாடையும் வாந்தி மருந்தும் சேர்த்தார்கள். மலேசியா அதற்கு 2002-இல் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாள் முற்றாக நிறுத்தியது.

அப்படிப்பட்ட ஒரு போத்தலைப் பேரன் படம் பிடித்து, "இது என்ன?" என்று இயந்திரத்திடம் கேட்டால்? போத்தலின்மேல் உள்ள பெயரைப் படித்து "பானம்" என்று சொல்லும் இயந்திரம் உயிரைப் பறிக்கும். "மேலே இப்படி எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பதைப் படத்தால் அறிய முடியாது, குடிக்க வேண்டாம்" என்று சொல்வதே நல்ல இயந்திரம். படத்துக்குள் யாராவது கட்டளை எழுதி வைத்திருந்தாலும், அதைப் படிக்கலாமே தவிர அதற்குக் கீழ்ப்படியக் கூடாது.

முகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1948-இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமானது. முகத்தை வைத்து ஆளை அறிவது அன்று அரசாங்கத்தின் அதிகாரம். இன்று வழியில் போகும் பெண்ணைப் படமெடுத்து, "இவர் யார்?" என்று எவரும் இயந்திரத்திடம் கேட்கலாம் என்றால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில் ஜிபிடி-4 அறிமுகமானபோது, படம் பார்க்கும் வசதி முதலில் பார்வையற்றோருக்கு உதவும் பி மை ஐஸ் அமைப்புடன் சோதிக்கப்பட்டது. பொதுமக்கள் கைக்கு வரத் தொடங்கியது செப்டம்பரில்தான். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல மறுக்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த நிதானம் தேவையானது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் இயந்திரத்தைக் கேட்டு வாங்குவோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்: பலகையைப் படி, பிறகு மரத்தையும் பார்.