தெரிந்த கதையில் தெரியாத திருப்பம்

முடிவை மறைத்து வைத்தால்தான் இலக்கியத்தில் வியப்புப் பிறக்கும் என்று பலர் கருதுகின்றனர். செட்டிநாட்டு இலக்கிய வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தை நிறுவினார். பங்குனி மாதத்தில் நடைபெறும் அதன் விழா, கம்பர் சமாதி உள்ளதாகப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவுறுவது மரபு. அங்குக் கூடுவோர் இராமகதையை முற்றும் அறிந்தவர்கள். அறிந்த கதையைக் கேட்க அவர்கள் ஆண்டுதோறும் வருவானேன்?

வாலி வதைப் படலம் இதற்கு விடை தருகிறது. மறைந்திருந்து அம்பெய்தவன் யார் என்பது நமக்குத் தெரியும், வாலிக்குத் தெரியாது. மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்த பெயரைக் கண்டபோதுதான் அவன் திடுக்கிடுகிறான். வியப்பு வாலிக்கு, வேதனை நமக்கு. அவன் அடுக்கும் குற்றச்சாட்டுகளுக்கு இராமன் மறுமொழி கூறுகிறான். ஆயினும், மறைந்து நின்று எய்தது ஏன் என்ற வினாவுக்கு இலக்குவனே விடையளிக்கிறான். கதை தெரிந்தவரும் எதிர்பாராத இடம் இது.

திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயமும் இவ்வகையில் நம் சிந்தனைக்குரியது. யூசுஃப் நபி (அலை) கண்ட கனவு தொடக்கத்திலேயே கூறப்பட்டுவிடுகிறது. எகிப்தில் தானியம் வேண்டி நிற்கும் சகோதரர்கள், தம் முன் இருப்பவர் யார் என உணரும் கணத்தில் அதிர்கின்றனர். முன்பே அறிந்த நாமோ நெகிழ்கிறோம்.

வாலி வதையைத் தனி நூலாகவே ஆராய்ந்தவர் நீதியரசர் மு. மு. இஸ்மாயில். 1921-இல் நாகூரில் பிறந்த அவர், 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கினார். சென்னைக் கம்பன் கழகத்தின் நிறுவனத் தலைவரும் அவரே. இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பளித்துப் பழகியவருக்கு, குற்றம் சாட்டுபவனின் குரலையும் முழுமையாக ஒலிக்கவிட்ட கம்பனின் அப்படலம் உவப்பானதில் வியப்பில்லை.

ஆனால், ‘ஒரு முஸ்லிம் கம்பனில் இத்துணைத் தோய்ந்தாரா?’ என்னும் வியப்பு இன்றும் எழுகிறது. அவருக்கு முன்பே ‘தாருல் இஸ்லாம்’ ஆசிரியர் பா. தாவூத்ஷாவும் கம்பனில் ஈடுபாடு கொண்டிருந்தார். கதையை அறிந்தபின்னும் நிலைப்பது இலக்கிய வியப்பு. அறியாமையால் எழும் வியப்போ அறிந்ததும் மறைய வேண்டியது. தமிழ் நமக்கும் தாய்மொழி என்பதை நம் பிள்ளைகள் அறிந்து வளர்ந்தால், இவ்வியப்புக்கு இடமிராது.