கடற்கரைக் காவலும் ஒரு கல்விக்கூடமும்

தென்ஜெர்மனியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே, சாலம் என்னும் ஊரில் பெரியதொரு மடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவிய அம்மடத்தில் செபமும் உழைப்பும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறிமாறி நடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபையின் சொத்துக்களை அரசுகள் கையகப்படுத்தியபோது அது பாடன் அரச குடும்பத்தின் உடைமையாயிற்று. அதன் சுவர்களுக்குள்தான் 1920-ஆம் ஆண்டு கூர்ட் ஹான் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

ஹான் 1886-இல் பெர்லின் நகரின் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஜெர்மானியப் பேரரசின் கடைசி சான்சலரான பாடன் இளவரசர் மாக்ஸின் செயலாளராகப் பணியாற்றியவர். போரில் தோற்று, உள்ளமும் உடைந்து கிடந்த நாட்டுக்குப் பொறுப்புணர்வுள்ள குடிமக்களை உருவாக்கவேண்டும் என்பதே இருவரின் எண்ணம். பாடத்தோடு ஓட்டமும், கைத்தொழிலும், நெடும்பயணமும் சேர்ந்தன. மாணவன் தனக்கு விதிக்கப்பட்ட கடமைகளைச் செய்தானா என்பதை அன்றன்று அவனே குறித்துக்கொள்வான், யாரும் சரிபார்ப்பதில்லை. நம்முடைய ஆன்ம சோதனையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் உடலை உரமேற்றுவதும், காட்டிலும் மலையிலும் இளைஞரை நடத்திச் செல்வதும் அக்காலத்தில் ஹான் ஒருவருக்கே உரிய முறைகள் அல்ல. கூடாரமும் அணிவகுப்பும் நெருப்பைச் சுற்றிப் பாட்டும் ஹிட்லரின் இளைஞர் இயக்கத்திலும் இருந்தன. 1936 டிசம்பரில் வந்த சட்டம் நாட்டின் இளையோர் அனைவரையும் அதற்குள் கொண்டுவந்தது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கும். அப்படியானால் வேறுபாடு எங்கே?

அதற்கான விடை 1932 ஆகஸ்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. சைலீசியாவின் பொட்டெம்ப்பா கிராமத்தில் ஹிட்லரின் படையினர் சிலர் நள்ளிரவில் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து, பெற்ற தாயின் கண்முன்னே அவனை மிதித்துக் கொன்றனர். மரண தண்டனை பெற்ற கொலையாளிகளுக்குத் தம் ஆதரவைத் தெரிவித்து ஹிட்லர் தந்தி அனுப்பினார். ஹான் தம் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: அந்தப் படைகளில் சேர்ந்திருப்போர் ஹிட்லரோடு உறவை முறிக்கவேண்டும், இல்லையேல் சாலத்தோடு முறிக்கவேண்டும். 1933 மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்டு உள்ளிட்டோர் பரிந்து பேசியதால் விடுதலை பெற்று, அவ்வாண்டிலேயே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

1934-இல் ஸ்காட்லாந்தின் மோரே கடற்கரையோரம் கோர்டன்ஸ்டன் பள்ளி பிறந்தது. அங்கே ஹானின் கல்விமுறை ஒருபடி முன்னேறியது என்பது என் கருத்து. மாணவர்கள் கடலில் படகு செலுத்தியது மட்டுமன்று, புயல் வீசும் இரவுகளில் கடற்கரைக் காவலர் குடிலில் விழித்திருந்து, ஆபத்தில் சிக்கும் கப்பல்களுக்காகக் கண்காணித்தார்கள். இங்கே குளிரும் விழிப்பும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பயிற்சி மட்டுமல்ல. கரைசேர முடியாத யாரோ ஒருவருக்காகத் தாங்கப்படுபவை. நல்ல சமாரியர் உவமையை ஹான் அடிக்கடி எடுத்துக்காட்டினார். (1945-இல் அவர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார்.) குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கித் தம் விலங்கின்மேல் ஏற்றுவதற்குச் சமாரியருக்கு இரக்கத்தோடு கை வலுவும் வேண்டியிருந்திருக்கும். நம் மறையுரைகள் பெரும்பாலும் இதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

போர் மூண்டபோது கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் ஒரு துயரத்தைக் கவனித்தார். நீர்மூழ்கிகளால் தாக்கப்பட்ட கப்பல்களிலிருந்து உயிர்ப்படகில் ஏறிய மாலுமிகளுள், முதியவர்கள் பிழைத்திருக்க, வலிமைமிக்க இளைஞர்கள் நம்பிக்கையிழந்து மாண்டனர். அவரும் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ஒரு மாதப் பயிற்சியைத் தொடங்கினர். அதுவே அவுட்வர்டு பவுண்டு இயக்கத்தின் முதல் வித்து. 1956-இல், ஹானின் மாணவரான இளவரசர் பிலிப், எடின்பரோ கோமகன் விருதை நிறுவினார். எவரெஸ்ட் பயணக்குழுவின் தலைவர் ஜான் ஹன்ட் அதன் முதல் இயக்குநரானார். முதலில் சிறுவர்களுக்கு மட்டும், 1958-இல் சிறுமிகளுக்கும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் மூன்று நிலைகளிலும் சேவையும் நெடும்பயணமும் இடம்பெற்றன. யாரையும் வெல்வதற்கான போட்டியன்று இது. எனினும் பதக்கம் என்று ஒன்று வந்தபின் அதற்காகவே சேவை செய்யும் ஆசையும் கூடவே வரும் என்பதை அறிய நமக்கு மேல்நாட்டுச் சான்று தேவையில்லை.

மலையும் கடலும் தாமாக எவரையும் நல்லவராக்கி விடுவதில்லை என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. ஹான் 1953-இல் ஓய்வு பெற்றபின் வந்த பத்தாண்டுகளில் கோர்டன்ஸ்டனிலும் அதன் இளையோர் பள்ளியிலும் பிள்ளைகள் கொடுமைக்கு உள்ளானார்கள் என்று ஸ்காட்லாந்தின் அரசு விசாரணை 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காப்பதற்குக் கற்பித்த இடத்தில் காக்கப்படாத சிறார் இருந்தனர். இதை மறைத்துவிட்டு ஹானைப் புகழ்வது அவருக்கே செய்யும் அநீதி.

1962-இல் ஹானின் முயற்சியால் வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது. பல நாட்டு மாணவர்கள் அங்கே ஒன்றாகப் படித்தனர். மறு ஆண்டே அது உயிர்காப்புப் படகு நிலையமாகவும் ஆயிற்று. கடினமான அடித்தளமும் காற்றடைத்த விளிம்பும் கொண்ட மீட்புப் படகை மாணவர்களும் கல்லூரி முதல்வர் டெஸ்மண்ட் ஹோரும் பலமுறை முயன்று உருவாக்கினார்கள். அதன் உரிமையை உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுனுக்கு ஹோர் கொடுத்துவிட்டார். ஹான் 1974-இல் காலமானார். கல்லூரியின் மீட்பு நிலையம் 2013-இல் மூடப்பட்டது. அந்த வகைப் படகுகள் அட்லாண்டிக் என்னும் பெயரோடு பிரித்தானியக் கரைகளில் இன்னும் கடலிறங்குகின்றன.