பொறையும் சுமைதாங்கியும்

தமிழில் 'பொறுமை' என்னும் பண்புப்பெயர் இன்று மனநிலை ஒன்றையே குறிக்கின்றது. ஆனால் அதன் அடியாகிய 'பொறு' என்னும் வினை மனத்தில் பிறந்ததன்று, கழுத்திலும் தோளிலும் பிறந்தது என்பதற்குப் பேச்சுவழக்கே இன்னும் சான்றாக நிற்கின்றது. காய்ப்பு மிகுந்த மாங்கிளை பாரம் பொறுக்காமல் முறிகின்றது; குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும்; முதியவர் பசி பொறுக்கமாட்டார் என்று வீட்டில் முதல் இலை அவருக்குப் போடப்படுகின்றது. இவ்வழக்குகளில் நற்குணம் எதுவும் பேசப்படவில்லை என்பதும், தன்மேல் ஏறிய எடையையோ சூட்டையோ ஒரு பொருள் எதுவரை உடையாமல் ஏற்கும் என்னும் அளவே பேசப்படுகின்றது என்பதும் கருதத்தக்கவை. அளவு என்பது இச்சொல்லின் உள்ளேயே இருக்கின்றது; பொறுக்கும் சூடு என்று ஒன்று இருந்தால் பொறுக்காத சூடு என்றும் ஒன்று உண்டு.

இவ்வினையிலிருந்து பிறந்த பழைய பெயர்ச்சொல் 'பொறை' என்பதாகும். சுமை, மலை, கரு, பொறுமை என்று பல பொருள் இதற்கு உண்டு. சேரர்க்குப் பொறையன் என்னும் பெயர் வழங்கியதும் மலைப்பொருள் பற்றியே. திருக்குறள் தன் 16ஆம் அதிகாரத்துக்குப் 'பொறையுடைமை' என்று பெயரிட்டு, தன்னைத் தோண்டுவோரையே தன்மேல் நிறுத்திக்கொண்டிருக்கும் மண்ணை அதன் முதல் உவமையாக வைத்தபோது, சொல்லின் பழைய எடை இன்னும் அதைவிட்டு நீங்கியிருக்கவில்லை என்பது புலனாகின்றது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 'பொறையுயிர்த்தல்' என்று ஒரு கூட்டுவினையும் இடம்பெற்றுள்ளது. அதற்குப் பொருள் இரண்டு: சுமையை இறக்கி இளைப்பாறுதல் ஒன்று, பிள்ளை பெறுதல் மற்றொன்று. தலையில் உள்ளதும் வயிற்றில் உள்ளதும் ஒரே பொறையாக எண்ணப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்சொல்லுக்கு உரிய பொருளைக் காவிரிக் கழிமுகத்தின் நெல்வயல்களிலும் பழைய சாலைகளிலும் காணலாம். அறுத்த நெல்லைக் கட்டாகக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, வரப்பு வழியே களத்துக்குக் கொண்டுசெல்லும் ஒருவரின் நடையில் சில இலக்கணங்கள் உண்டு. சும்மாடு என்பது துண்டையோ பழந்துணியையோ முறுக்கி வளையமாகச் சுற்றியது. அது எடையைக் குறைப்பதில்லை, எடை ஒரே இடத்தில் குத்தாதபடி பரப்பிவிடுகின்றது, அவ்வளவே. கட்டோடு வருபவர் எதிரே வந்தால் வெறுங்கையோடு வருபவர்தாம் வயலில் இறங்கி வழிவிட வேண்டும் என்பது வரப்பின் எழுதாத சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே செல்லும் தலைச்சுமைக்காரர் களைத்துப்போனாலும் சுமையைத் தரையில் இறக்க முடியாது. இறக்கினால் மறுபடி தலைக்கு ஏற்றித் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் வழியில் கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இந்த நெருக்கடிக்குத் தமிழ்நாடு கண்ட விடைதான் சுமைதாங்கி. இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடையாக வைத்தால் சுமைதாங்கி ஆயிற்று. அதன் உயரம்தான் அதன் நுட்பம். நின்ற நிலையிலேயே தலையைச் சற்றுச் சாய்த்துச் சுமையை அதன்மேல் நகர்த்திவிடவும், மூச்சு வாங்கியபின் யாருடைய உதவியும் இன்றி மீண்டும் தலைக்கு நகர்த்திக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமைக்கப்பட்டது. கருவுற்றிருந்து பிள்ளை பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாடெங்கும் பரவியிருந்த வழக்கம். இறக்க முடியாமல் போன வயிற்றுச்சுமையோடு சென்றவள் பிறர் சுமை இறங்கும்போது ஆறுதல் பெறுவாள் என்பது அதன் நம்பிக்கை. யாழ்ப்பாணத்திலும் சுமைதாங்கிகள் தெருவோர மடங்களுக்கும், மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கற்களுக்கும் அருகே நின்றன. அகராதியில் 'பொறையுயிர்த்தல்' என்னும் ஒரு சொல்லுக்குள் இணைந்த இரண்டு பொருள்களை ஊரார் கல்லில் இணைத்திருக்கின்றனர்.

இத்தகைய சொல்வளம் உள்ள நாட்டின் கரையில்தான் 1706 சூலை 9ஆம் நாள் மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கினார். தரங்கம்பாடியில் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி 1714இல் தொடங்கி 1715இல் முற்றுப்பெற்றது. (அம்மறைப்பணியினரின் காகித ஆலை அமைந்த பக்கத்து ஊருக்குப் பொறையாறு என்று பெயர் இருப்பது இனியதொரு தற்செயல், அதன்மேல் ஆராய்ச்சி எதையும் கட்ட வேண்டியதில்லை.) அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தமிழாக்க வேண்டியிருந்த கிரேக்கச் சொற்களுள் இரண்டு இங்கே கவனத்துக்கு உரியவை. 'ஹுப்போமொனே' என்பது ஒன்றின் கீழே நிலைத்து நிற்றல் என்னும் பொருளது. துன்பமான நிலைமைகளை ஏற்று நிற்பதைக் குறிப்பது. 'மக்ரோத்துமியா' என்பது நீளத்தைக் குறிக்கும் சொல்லும் சினத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. சினம் எழ நெடுநேரம் ஆவதைக் குறிப்பது. முன்னது சூழ்நிலையைப் பற்றியது, பின்னது மனிதரைப் பற்றியது என்று விவிலிய அறிஞர் பொதுவாக வேறுபடுத்துவர். அதாவது நோயையும் பஞ்சத்தையும் தாங்குவது ஒன்று, ஓயாமல் குறை கூறும் மாமனாரையும் வாங்கிய கடனை மறந்த பங்காளியையும் தாங்குவது வேறொன்று.

மக்ரோத்துமியாவுக்கு முன்னோடியான எபிரேயத் தொடர் இன்னும் சுவையானது: 'ஏரெக் அப்பாயிம்', அதாவது மூக்கு நீண்டவர். சினம் மூக்கில் சூடாக மூச்சுவிடுவது என்று எண்ணிய மக்களுக்கு, மூக்கு நீண்டவர் என்றால் அந்தச் சூடு வெளியே வர நேரம் பிடிப்பவர். 'அவனுக்கு மூக்குமேல் கோபம்' என்று அன்றாடம் சொல்லும் தமிழருக்கு இந்த உருவகம் உரையின்றியே விளங்கும்; எனினும் மொழிபெயர்ப்பாளர் எவரும் கடவுளை மூக்கு நீண்டவர் என்று எழுதத் துணியவில்லை என்பது இயல்பே.

19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் முதலியோர் திருத்தி அமைத்ததும், புராட்டஸ்டண்டு திருச்சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவதுமான பழைய மொழிபெயர்ப்பு மக்ரோத்துமியாவுக்கு இரு வடிவங்களைத் தந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் அன்பு அதிகாரத்தில் அது 'நீடிய சாந்தம்' ஆகின்றது. கலாத்தியருக்கு எழுதியதில், ஆவியின் கனிகளை எண்ணும் இடத்தில், 'நீடிய பொறுமை' ஆகின்றது. கலாத்தியர் பட்டியலில் 'சாந்தம்' என்னும் சொல் பணிவு சார்ந்த வேறொரு குணத்துக்குத் தேவைப்பட்டதால் அங்கே அது கிடைக்கவில்லை போலும். காரணம் எதுவாயினும் விளைவு சிறியதன்று. வடசொல்லாகிய சாந்தம் அடங்கியது, தணிந்தது என்னும் பொருளது. நெருப்பு அவிந்த அடுப்பைப் போன்றது. பொறுமையோ சுமையைச் சேர்ந்தது. அதில் எதுவும் அவிந்துவிடவில்லை, எடை முழுதும் தலையில்தான் இருக்கின்றது. கிரேக்கத்தில் நீண்டது சினத்துக்கு முந்திய நேரம். 'நீடிய பொறுமை' என்று தமிழில் ஆனபோது நீண்டது சுமையோடு நடக்கும் வழி. தொல்லை தரும் மனிதரோடு வாழ்வதைப் பற்றி இவ்விரண்டில் எது உண்மையைக் கூறுகின்றது என்று கேட்டால், சாந்தத்தைவிடப் பொறுமையே என்றுதான் விடை சொல்ல வேண்டும். மூத்த மருமகளின் சொல்லம்பை இருபது ஆண்டு கேட்டவருடைய உள்ளே நெருப்பு அவிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகை.

அன்பு அதிகாரத்தில் சாந்தம் இடம்பிடித்ததால் தமிழ் இழந்தது இன்னொன்றும் உண்டு. 'பொறாமை' என்பது பொறு என்பதன் எதிர்மறை. பிறரது ஆக்கத்தைக் காணப் பொறுக்காமை. சொல்லளவில், பிறர் தரும் துன்பம் ஏறுவதும் சுமை, பிறர் பெறும் நன்மை ஏறுவதும் சுமை. முன்னதைத் தாங்குவது பொறுமை, பின்னதைத் தாங்க மாட்டாமை பொறாமை. திருக்குறளில் பொறையுடைமைக்கு அடுத்த 17ஆம் அதிகாரம் அழுக்காறாமையாக, அதாவது பொறாமை கொள்ளாமையாக அமைந்துள்ளது. பவுலும் அன்பின் இயல்புகளை எண்ணும்போது நீடிய பொறுமைக்கும் தயவுக்கும் அடுத்தபடியாகப் பொறாமையின்மையையே வைக்கின்றார். கிரேக்கத்தில் இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. தமிழில் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில்தான் பொறுமையும் பொறாமைப்படாமையும் அவ்வதிகாரத்தில் ஒன்றை ஒன்று பார்க்கும் தொலைவில் வந்து அமர்ந்தன.

துணைவினை சேரும்போது பொறு என்பது யார் யாரிடம் பேசுகின்றார் என்பதையும் காட்டிவிடுகின்றது. பழைய கத்தோலிக்க மன்றாட்டுகளில் 'பொறுத்தருளும்' என்பதே மன்னிப்பு வேண்டும் சொல். மன்னித்தல் என்பதும் பிறர் பிழையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் சுமையே என்று அது கருதுகின்றது. சமமானவர்களிடம் 'பொறுத்துக்கொள்' என்கின்றனர். மணமாகிப் போகும் மகளிடமும் பண்ணையில் வேலை செய்பவனிடமும் சொல்லப்படுவது 'பொறுத்துப் போ' என்பது. அருள் மேலிருந்து வருவது, கொள் தானாக எடுத்துக்கொள்வது, போ வேறு வழியில்லாதவருக்குக் காட்டப்படும் திசை. மூன்றையும் ஒரே அறமாக எண்ணியதில்தான் திருச்சபையிலும் ஊரிலும் பல தவறுகள் நேர்ந்தன.

தஞ்சாவூரிலேயே பொறுத்தலின் இரு புறங்களையும் காணலாம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1778 முதல் தஞ்சையில் தங்கிப் பணியாற்றி, 1798 பிப்ரவரி 13ஆம் நாள் மறைந்த மறைப்பணியாளர் கிறிஸ்தியான் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ், துளஜா மன்னரின் ஆட்சியில் கொடிய வரிவசூலுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய உழவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியவரானார். மன்னரின் வாக்கை யாரும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் தாம் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னபின், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பியதாக அவரது கடிதம் கூறுகின்றது. பிணைநிற்றல் என்னும் பொருளுடைய 'பொறுப்பு' பொறு என்பதன் பிள்ளையே. கடினமான மன்னரையும் கலங்கிய குடிகளையும் ஒரே நேரத்தில் அவர் பொறுத்தது, நடுவில் நின்று இரு பக்கத்து எடையையும் தாம் வாங்கிக்கொண்டதனால் பொருள் பெற்றது. சிவகங்கைக் குளத்தருகே அவர் பெயர் தாங்கிய ஆலயத்தில், ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தில், இறக்கும் ஸ்வார்ட்ஸின் கையை, பின்னர்த் தஞ்சை மன்னரான சரபோஜி பிடித்து நிற்பதை இன்றும் காணலாம்.

ஆனால் அதே சபையில் சாதிக்கேற்ப இருக்கைகள் பிரிந்திருந்ததையும் பழைய மறைப்பணியாளர்கள் பொறுத்தே போயினர். மெல்ல மாறும் என்று காத்திருந்த அவர்களது பொறுமை மெய்யானதே. எனினும் அந்தச் சுமை அவர்கள் தலையில் இருக்கவில்லை, தள்ளி அமர்த்தப்பட்டவர்கள் தலையில் இருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சைச் சபையாரில் கணிசமானவர்கள் வெளியேறினர். ஸ்வார்ட்ஸ் வளர்த்த பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தைக் காத்து நின்றவர்களின் பக்கம் இருந்தார். பிறருடைய சுமையைக் காட்டித் தன்னைப் பொறுமைசாலி என்று கூறிக்கொள்வது எளிது. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்னும் பழமொழியும், சாந்தமுள்ளோருக்கு மண்ணை வாக்களிக்கும் மலைப்பொழிவும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. கழிமுகத்தின் பண்ணையாட்களோ தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தும், 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போராட்டத்துக்குப் பின்புதான் வந்தது.

இவ்விடத்தில் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் பழைய மொழிபெயர்ப்பு கையாளும் ஒரு வினை கவனிக்கத்தக்கது. நீடிய பொறுமையைக் கூறிய உடனே அது 'ஒருவரையொருவர் தாங்கி' என்று தொடர்கின்றது. தாங்கு என்பது சுமைதாங்கியில் உள்ள அதே தாங்கு. 'ஒருவரையொருவர்' என்பதோ சுமப்பவர் மாறிமாறி வர வேண்டும் என்பது. ஒருவரே என்றும் சுமப்பவராகவும் மற்றவர் என்றும் ஏற்றுபவராகவும் இருந்தால் அந்தத் தொடர் பொருந்தாது. கடினமான மனிதரோடு வாழ்பவருக்கும் ஒரு சும்மாடும், வழிவிட்டு வயலில் இறங்கும் எதிர்நடையாளும், இடையிடையே ஒரு கல்லும் வேண்டும். அக்கல்லாக இருப்பது சபையின் கடமை, அதை நாடுவது சுமப்பவரின் குற்றமன்று.

நெற்கட்டு டிராக்டரில் ஏறியபின் சுமைதாங்கிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. சாலை அகலமானபோது பல பெயர்க்கப்பட்டன, எஞ்சியவற்றின் மேல் ஆடு மேய்ப்பவர்கள் உட்காருகின்றனர். பொறையுயிர்த்தல் என்னும் வினையும் பேச்சிலிருந்து மறைந்து அகராதிக்குள் அடங்கிவிட்டது. பாரம் சுமப்பவர்களைத் தம்மிடம் அழைக்கும் இயேசுவின் சொற்கள் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் உள்ளன. பழைய மொழிபெயர்ப்பும் பொது மொழிபெயர்ப்பும் அங்கே 'இளைப்பாறுதல்' என்றே எழுதியுள்ளன.