இருட்டில் வேலை பார்த்தவர்கள்

1960, ஏப்ரல் 1. பள்ளிப்பட்டுக்காரர்கள் காலையில் கண்விழித்தபோது அவர்களுடைய மாநிலம் மாறியிருந்தது. முந்தின நாள் வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். விடிந்தால் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். யாரும் மூட்டை முடிச்சு கட்டவில்லை. தறி இருந்த இடத்தில்தான் இருந்தது, கரும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. எல்லைக்கோடு மட்டும் நகர்ந்துவிட்டது. ம.பொ.சி.யும் திருத்தணி மங்கலங்கிழாரும் அதற்காகப் பட்ட பாடு தனிக் கதை. இன்னொரு வாரம் பார்க்கலாம்.

இந்த வாரம் நமக்கு வேண்டியது, அதே 1960-ன் கடைசியில் இதே மாநிலத்தின் இன்னொரு மூலையில் பதிவான ஒரு கம்பெனி. ஊர், ஊட்டி. முதலாளி, மத்திய சர்க்கார். பெயர், இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். பெயர் உடனே ஞாபகம் வரவில்லையா? ‘இந்து’ ஃபிலிம் என்றால் உங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சட்டென்று தெரியும். உங்கள் குடும்ப ஆல்பத்தில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றிரண்டாவது அந்தத் தொழிற்சாலையில் பிறந்ததாக இருக்கலாம்.

இதை ஏன் இப்போது கிளற வேண்டும்? காரணம் இருக்கிறது. பழைய ஃபிலிம் கேமரா வாங்குவது இப்போது பெரிய மோகம். கையில் நல்ல செல்போன் இருக்கும். அதில் நாளைக்கு நூறு படம் எடுக்கலாம். ஆனாலும் தாத்தா காலத்து டப்பாவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்டால், ‘விண்டேஜ் சார்’ என்கிறார்கள்.

அந்த வார்த்தை கேமராவுக்குச் சொந்தமானதே இல்லை. அது ஒயின்காரர்களுடையது. விண்டேஜ் என்றால் முதலில் திராட்சை அறுவடை, அவ்வளவுதான். பிறகு, எந்த வருடத்து அறுவடையில் செய்த ஒயின் என்பதைக் குறிக்கும் சொல்லானது. அதன் பிறகுதான் கார், கடிகாரம், கேமரா என்று பழசுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது.

திராட்சையின் தோலிலிருந்துதான் ரெட் ஒயினுக்கு நிறமே வருகிறது. தோலிலும் கொட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்தும் கூடவே இறங்குகிறது. நல்ல ஒயினாக இருந்தால், அந்தத் துவர்ப்பு பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அடங்கி, ருசி முதிர்கிறது. எல்லா ஒயினும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்பதில் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியவை. வைத்திருந்தால் பழசாகுமே தவிர உயர்த்தியாகாது.

ஃபிலிம் இதற்கு நேர் எதிர். எதையும் முதிர வைக்க முடியாது. பெட்டியிலேயே காலாவதித் தேதி போட்டிருக்கும். இந்த அழுகும் பண்டத்தை நம்பித்தான் ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1900-ல் பிரவுனி என்ற கேமராவை ஒரே ஒரு டாலருக்குக் கொண்டுவந்தார். தர்ம சிந்தனை என்று நினைக்காதீர்கள். கேமரா என்பது தூண்டில் புழு. ஒருமுறை வாங்கியவன், ஆயுசு முழுக்க ஃபிலிம் வாங்கியாக வேண்டும். பணம் டப்பாவில் இல்லை, அதற்குள் போகும் சுருளில் இருந்தது.

இதை இந்தியா கஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஃபிலிம் வரத்துக்குத் தட்டுப்பாடு. சினிமாப் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் உத்தரவு போட்டது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம். அதுவரை விடிய விடியப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்த நம் கதாநாயகர்கள் வாயைக் கட்ட வேண்டியதாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1957-58-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி. கோடம்பாக்கத்துக்கு வேண்டிய ஃபிலிம், ஆஸ்பத்திரிக்கு வேண்டிய எக்ஸ்ரே ஃபிலிம், ஸ்டூடியோவுக்கு வேண்டிய பேப்பர், எல்லாமே கப்பலில் வர வேண்டும். கப்பலுக்குக் கொடுக்கத்தான் டாலர் இல்லை.

அந்தப் பின்னணியில் பிறந்ததுதான் ஊட்டி தொழிற்சாலை. பிரான்ஸ் நாட்டு பாஷே கம்பெனி தொழில்நுட்பம் கொடுத்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பம்.

எத்தனையோ ஊர் இருக்க ஊட்டி ஏன்? மந்திரிகள் வந்து இளைப்பாறவா? இல்லை. தூசு இல்லாத, குளிர்ந்த காற்று வேண்டும். ஃபிலிம் செய்வது சாதாரண வேலை இல்லை. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து ஒளிபட்டால் மாறும் நுண்ணிய படிகங்களை உண்டாக்க வேண்டும். அவற்றை ஜெலட்டினில் கலக்க வேண்டும். மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் அதே ஜெலட்டின்தான். அந்தக் கலவையை, நீண்ட பிளாஸ்டிக் சுருளின் மேல் மயிரிழையைவிட மெல்லிய படலமாக ஒரே சீராகப் பூச வேண்டும். ஒரு தூசு விழுந்தால் படத்தில் புள்ளி. ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தால் மொத்தச் சுருளும் குப்பை.

ஆகவே பூச்சு வேலை இருட்டில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே இருட்டில். வெளியே நீலகிரியில் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஆட்கள் தடவித் தடவி, பழக்கத்திலேயே நடமாடிக்கொண்டிருப்பார்கள். நாம் வெளிச்சத்தில் பல்லைக் காட்டி போஸ் கொடுப்பதற்காக யாரோ இருட்டில் ஷிஃப்ட் பார்த்தார்கள்.

சுருள் ஊட்டியில் தயாரானது. அதைப் போட பெட்டி வேண்டுமே? பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் த்ரீ இருந்தது. இந்தியாவின் நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் கேமரா பெரும்பாலும் அதுதான். பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு முள்ளைத் திருப்பினால் தீர்ந்தது. ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். பன்னிரண்டே பன்னிரண்டு! கல்யாணத்துக்கு ஒன்று, காது குத்துக்கு ஒன்று, ஊருக்கு வந்த மாமாவுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து அமுக்குவார்கள். சுருள் முடியவே ஆறு மாதமாகும். பிறகுதான் கழுவக் கொடுப்பது. படத்தில் இருக்கும் பாட்டி, படம் கைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பதும் உண்டு.

சரி, இவ்வளவு அருமையான தொழிற்சாலை எப்படி விழுந்தது?

‘டிஜிட்டல் வந்தது, கொன்றுவிட்டது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கணக்குப் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. முதல் அடி, கலர். எழுபதுகளின் முடிவில் தமிழ் சினிமா வேகமாகக் கலருக்கு மாறியது. பின்னாலேயே கல்யாண ஆல்பமும் மாறியது. ஊட்டியின் பலம் கறுப்பு வெள்ளை. கலர் ஃபிலிமை அங்கே மூலத்திலிருந்து செய்ய முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய சுருளாக வாங்கி, நறுக்கி, பெட்டியில் போட்டு விற்றார்கள். நறுக்குகிறவனுக்கு என்ன லாபம் நிற்கும்?

இரண்டாம் அடி, கடன். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு அழிவே இல்லை என்று நம்பி, அமெரிக்காவின் டூபாண்ட் தொழில்நுட்பத்தோடு பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் பெரும் திட்டம் போட்டார்கள். அதில் இறங்கியது கடன் பணம். 1991-ல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது. இறக்குமதி வரி இறங்கியது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்தது. விற்பனை சுருங்கியது, வட்டி சுருங்கவில்லை. வட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது. ஏறிக்கொண்டே போன நஷ்டத்தில் பெரும் பங்கு வட்டிதான்.

1996-ல் ‘நலிந்த நிறுவனம்’ என்ற முத்திரை. 2003-ல் இழுத்து மூடச் சிபாரிசு. தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். மூடவும் இல்லை, ஓடவும் இல்லை என்று வருடங்கள் இழுத்தன. 2014-ல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுக்குப் பணம் ஒதுக்கியது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஷிஃப்ட் மாறிய இடம், அதன் பிறகு அடங்கிப்போனது.

டிஜிட்டல் வந்து சேர்ந்தபோது நோயாளி ஏற்கெனவே படுக்கையில். ஆரோக்கியமாக இருந்தவர்களையே அது விடவில்லை. 1975-ல் தன் சொந்தச் சோதனைச் சாலையில் டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்த கோடக், 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

வேடிக்கை இனிமேல்தான். செத்துப்போனதாக நினைத்த ஃபிலிம் எழுந்து உட்கார்ந்தது. நிறுத்திவிட்ட எக்டாக்ரோம் ஃபிலிமை கோடக் 2018-ல் திரும்பக் கொண்டுவந்தது. பென்டாக்ஸ் 2024-ல் புத்தம்புது ஃபிலிம் கேமராவையே விற்பனைக்கு விட்டது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் ஊட்டியில் செய்வதற்கு ஆள் இல்லை. ஒரு தொழிற்சாலையை மூடினால் இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குப் போடலாம். இருட்டில் தடவித் தடவி வேலை பழகிய கைகளை எந்த ஏலத்தில் திரும்ப எடுப்பது?

இதற்குமேலும் நீங்கள் பழைய கேமரா வாங்குவதாக இருந்தால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒயின் மாதிரி, வயதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பின் மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாக விளக்கைப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றின் உபயம். ஷட்டரை மெதுவான வேகத்தில் வைத்து அமுக்கிக் காது கொடுங்கள். இழுத்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது. கதவோரத்துப் பஞ்சு உதிர்ந்திருந்தால் வெளிச்சம் புகும். அதைவிட முக்கியம், அந்தக் கேமராவுக்குரிய பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பல பழைய மாடல்கள் பாதரச பேட்டரியில் ஓடியவை. அவை கடைகளிலிருந்து எப்போதோ போய்விட்டன.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணையும் பீரோ அடித்தட்டையும் பாருங்கள். பழுப்பு உறையில் நெகட்டிவ்கள் கிடக்கும். மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடிக்கிறதா? கெட்டுப்போன ஒயினில் இருக்கும் அதே அமிலம்தான். ஃபிலிமின் அசிடேட் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். வாடை வருவதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, உலர்ந்த, சூடில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து செல்போனிலேயே படமெடுத்துக்கொண்டால்கூடப் போதும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

எவ்வளவோ தொலைந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ இல்லை. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ இல்லை. ஃபிலிமுக்குள் வெள்ளி இருக்கிறது என்பதற்காகவே பழைய சுருள்களையும் ஸ்டூடியோ நெகட்டிவ்களையும் எடைக்குப் போட்டுக் கரைத்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் மிஞ்சிய படங்களைப் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் உங்கள் வீட்டுப் பரணுக்கு வரமாட்டார்கள். அது உங்கள் வேலை.

மாநிலம் மாறிய அந்தத் தலைமுறையில், பள்ளிப்பட்டிலோ பொதட்டூர்பேட்டையிலோ யாரோ ஒரு நெசவாளி, திருத்தணி முருகனைக் கும்பிட்டுவிட்டு, புதுப் பெண்டாட்டியோடு ஸ்டூடியோவில் விறைப்பாக நின்றிருப்பார். அந்த நெகட்டிவில் ஒட்டியிருக்கும் வெள்ளிக்கு எடைக்கடையில் காலணா பெறாது. அந்த முகத்துக்கு இன்னொரு பிரதி கிடையாது.