காமிராவுடன் உலகம் சுற்றிய கோட்டையூரார்

கடல் கடந்து செல்வது தமிழனுக்குப் புதிதன்று. வாணிகம் கருதிச் சென்றோர் ஒருபால். வறுமையின் கொடுமையால் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டோர் மற்றொருபால். முன்னவர் கணக்கேடுகளை விட்டுச் சென்றனர். பின்னவர் பெரும்பாலும் தம் பெயரை மட்டுமே விட்டுச் சென்றனர். அப்பெயரும் அயல்நாட்டு எழுத்தர்களின் கையில் சிதைந்து உருமாறிப் போயிற்று. அங்ஙனம் சிதறிய வாழ்வின் சுவடுகளைத் தேடிக் காமிராவும் குறிப்பேடும் கையுமாக உலகை வலம் வந்த ஒரு தமிழரைப் பற்றிச் சிந்திப்பது, பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிதும் பொருந்துவதாகும். அவரே ஏ. கே. செட்டியார் என்று அறியப்பெற்ற கருப்பன் செட்டியார்.

செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். நகரத்தார் பெருமக்கள் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய காலம் அது. இளைஞரான செட்டியாரும் இரங்கூன் சென்றார். ஆனால் அவர் உள்ளம் வட்டிக் கணக்கில் தோயவில்லை. அங்கே 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராக விளங்கினார். பின்னர் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவிலும், அதன்பின் அமெரிக்காவில் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றார். அக்கலையை ஒரு தமிழ் இளைஞர் கடல்தாண்டிச் சென்று கற்றது அந்நாளில் அரிய செயலேயாம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றிய முழுநீளச் செய்திப்படம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் மனத்தில் உதித்தது. அன்று அண்ணலின் பிறந்தநாள். செட்டியாருக்கோ அகவை 26 கூட நிரம்பவில்லை. கையில் பெருநிதி இல்லை. அரசின் ஆதரவை எதிர்பார்க்கவும் இயலாது. ஆளவந்தோரின் பகைக்கு இலக்கான தலைவரையன்றோ அவர் படமாக்க விழைந்தார்!

அப்பணியின் அருமையை இக்காலத்தார் எளிதில் உணரமாட்டார். காந்தியடிகளைப் பல நாடுகளில் பலர் படம் பிடித்திருந்தனர். அச்சுருள்கள் செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் தனியார் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தன. எங்கே எது உள்ளது என்று கூறும் பட்டியல் ஒன்றும் இல்லை. கடிதம் எழுதியும், நேரில் சென்று கதவைத் தட்டியும், ஒவ்வோர் அடியாகத் தேட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்து, 30 ஆண்டுக் காலத்தில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த 50,000 அடி நீளப் படத்தைச் செட்டியார் திரட்டினார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த 12,000 அடியே திரைப்படமாயிற்று. 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் அது தமிழில் வெளியாயிற்று. போர் மூண்டு அடக்குமுறை ஓங்கியிருந்த வேளையில் அதனை வெளியிட்ட துணிவை என்னென்பது!

இத்தேட்டம் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கும் இட்டுச் சென்றது. அடிகள் சத்தியாக்கிரகம் என்னும் படைக்கலனை வடித்த நாடு அது; அப்படைக்கலனை முதலில் ஏந்தியவர்களுள் தமிழர் பலர். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'டிரூரோ' என்னும் கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது முதல் 1911-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள்.

அந்நாட்டு அறப்போரில் உயிர் ஈந்த வள்ளியம்மையைத் தில்லையாடி வள்ளியம்மை என்றே நாம் போற்றுகிறோம். ஆனால் அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க் நகரில். சிறை சென்று நோயுற்று, 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், 16 வயதில் மறைந்த அந்நங்கை, தன் பெயரோடு நாம் சேர்த்து வழங்கும் ஊரைக் கண்ணால் கண்டவரல்லர். தில்லையாடி அவருடைய பெற்றோரின் ஊர். மகள் காணாத அவ்வூரைத் தேடி 1915-இல் காந்தியடிகளே வந்தார். பூர்வீகம் என்பது ஒருவர் பிறந்த இடம் மட்டுமன்று, அவரை நினைத்துப் போற்றுவோர் வாழும் இடமும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

செட்டியாரின் பயணம் அத்துடன் நின்றுவிடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் தென்னமெரிக்காவின் வடகரைக்கும் அவர் சென்று, 'கரிபியன் கடலும் கயானாவும்' என்னும் நூலை எழுதினார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த குவாதலூப், மார்த்தினீக் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 1850-களில் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். கயானாவில் தென்னாட்டிலிருந்து சென்றோர் 'மதராசிகள்' எனப்பட்டனர். அங்கெல்லாம் நாளடைவில் வீட்டு மொழி மாறிற்று. எனினும் மாரியம்மன் வழிபாடும் மேளமும் நிலைத்தன. வீராசாமி, நாகமுத்து போன்ற பெயர்கள் அயல் ஒலியேற்றுக் குடும்பப் பெயர்களாய் நின்றன. பாட்டனின் பெயரைச் சுமந்து நடப்பவர் அப்பெயரின் பொருளை அறியார். இது நமக்கு வேடிக்கையன்று, எச்சரிக்கை.

புகைப்படத்துக்கும் பூர்வீகத்துக்கும் உள்ள தொடர்பை மொரீஷியஸ் நாட்டில் தெளிவாகக் காணலாம். 1834-ஆம் ஆண்டு முதல் அத்தீவுக்கு நான்கரை லட்சம் இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். 1860-களிலிருந்து அவர்களுடைய முகங்களை ஆட்சியாளர் புகைப்படமாகப் பதிவு செய்தனர். அன்பினாலன்று, அனுமதிச் சீட்டின்றி எவரும் தோட்டத்தை விட்டு அகலாதிருக்கவே! காலத்தின் விந்தையைப் பாருங்கள். ஆட்களைக் கட்டிப்போட எடுத்த அப்படங்கள், மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இன்று பேணப்படுகின்றன. பேரன் பேத்திகள் அங்கே சென்று, தம் மூதாதையின் முகத்தையும் ஊர்ப் பெயரையும் முதன்முறையாகக் காண்கின்றனர்.

செட்டியாரின் படத்துக்கு நேர்ந்த கதியும் எண்ணத்தக்கதே. 1953-இல் ஹாலிவுட்டில் அதன் ஆங்கிலப் பதிப்பு உருவாயிற்று. பின்னர்த் தமிழகம் அப்படத்தையே மறந்தது. அது நெடுங்காலம் கண்ணுக்கெட்டாது போயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின், ஆய்வறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் அமெரிக்காவில் ஸான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் அந்த ஆங்கிலப் பதிப்பின் சுருக்கப் பிரதியைக் கண்டறிந்தார். உலகெங்கும் அலைந்து ஒருவர் ஒன்றுசேர்த்ததை வீட்டிலிருந்த நாம் தவறவிட்டோம். மீண்டும் கடல்கடந்தே தேடவேண்டியதாயிற்று.

1943-இல் தொடங்கிய 'குமரி மலர்' என்னும் இதழைச் செட்டியார் தம் இறுதிக்காலம் வரை நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய செய்திகளைத் தோண்டியெடுத்து அதில் மறுபடியும் அச்சேற்றினார். அவர் 1983-ஆம் ஆண்டு மறைந்தார். உலகத்தையே படம் பிடித்த அவர், தம்மை முன்னிறுத்திக்கொள்வதில் நாட்டமில்லாதவராகவே வாழ்ந்தார்.

சங்க அன்பர்களே! நாம் கடல் கடந்தோரல்லோம், இரயிலேறி வந்தவர்களே. ஆயினும் நம் குழந்தைகள் சொந்த ஊரை விடுமுறைக்குச் செல்லும் இடமாகவே அறிவர். நம் இல்லங்களின் பெட்டிகளில் பழுப்பேறிய புகைப்படங்கள் உறங்குகின்றன. திருமணக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் முதியவர் யார், அவர் எவ்வூரார் என்று சொல்லத் தெரிந்தவர் இன்று வீட்டில் ஒருவரோ இருவரோ இருப்பர். அவர்களும் மறைந்துவிட்டால், படம் இருக்கும், பெயர் இராது.

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரும் பெரியோர்களை அருகிருத்திக் கேட்டு, படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தமிழில் எழுதி வைப்பாராக. அவற்றின் படிகளைத் திரட்டிச் சங்க நூலகத்தில் தனிப் பேழை ஒன்றில் பாதுகாத்தல் நம்மால் ஆகாத செயலன்று. செட்டியார் தனியொருவராய் 1,00,000 மைல் நடந்து தேடினார். நாம் நடக்க வேண்டியது நம் வீட்டுப் பரண் வரையில்தான்.